கார் மாதிரித் தொகுப்புகளின் வரலாறு

கார் மாதிரித் தொகுப்பு என்பது உண்மையான ஒரு காரின் உருவத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் பொருளாகும். வாங்குபவர் பாகங்களை வெட்டியெடுத்து, தேய்த்து, வண்ணம் பூசி, ஒட்டி, முழு உருவத்தைத் தாமே உருவாக்குகிறார். கடைகளில் "மாடல் கிட்" என்று கேட்டு வாங்கப்படுவது இதுவே. அடிச்சட்டம், எந்திரம், இருக்கைகள், சக்கரங்கள், வண்டியின் மேற்கூடு என ஓர் எளிய தொகுப்பில் சில பத்துப் பாகங்களும், மிக நுணுக்கமான தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட பாகங்களும் இருக்கும்.

இத்துறையின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஆனால் நிறுவனங்களின் பெயர்கள் பலமுறை கைமாறியுள்ளன; சில திவாலாகி, வேறொருவர் கையில் மீண்டும் தொடங்கியுள்ளன. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே எந்தக் காரின் மாதிரி இன்றும் கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதைத் தீர்மானித்தது எஃகு அச்சு. அச்சு பாதுகாக்கப்பட்ட காரின் மாதிரி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாக வார்க்கப்படுகிறது. அச்சு திருத்தப்பட்ட அல்லது தொலைந்த காரின் மாதிரி, பழைய பெட்டிகளில் எஞ்சியிருக்கும் எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது.

அளவு விகிதங்கள்

மாதிரிக் கார்களின் விகிதங்கள் அடி, அங்குல அளவு முறையிலிருந்து வந்தவை. உண்மைக் காரின் ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைத்தால் 1/12 விகிதமும், அரை அங்குலமாகக் குறைத்தால் 1/24 விகிதமும் கிடைக்கும். ஓர் அடிக்கு எட்டில் மூன்று அங்குலம் என்றால் அது 1/32. சிறிய உலோகக் கார்களில் பரவலாக உள்ள 1/43 விகிதம் பொம்மை ரயில்களின் அளவிலிருந்து வந்தது. அமெரிக்கத் தொகுப்புகளில் 1/25 விகிதமும், ஜப்பானியத் தொகுப்புகளில் 1/24 விகிதமும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

4.8 மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1/24 விகிதத்தில் 20 சென்டிமீட்டராகவும், 1/12 விகிதத்தில் 40 சென்டிமீட்டராகவும், 1/8 விகிதத்தில் 60 சென்டிமீட்டராகவும் அமையும். நீளம் இரு மடங்காகும்போது கன அளவு எட்டு மடங்காவதால், பெரிய விகிதத்தில் காட்ட வேண்டிய நுணுக்கங்களும் பெருகுகின்றன. 1/24 காரில் கோடாக மட்டும் காட்டப்படும் ஒரு குழாய், 1/12 காரில் தனிப் பாகமாக வர வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்க இயலாது. உண்மைக் காரின் மேற்கூட்டுத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. 1/24 விகிதத்தில் அது 0.04 மில்லிமீட்டராக வேண்டும். அவ்வளவு மெல்லிய நெகிழிக் கூடு கையில் எடுத்தாலே நொறுங்கிவிடும். மாதிரியின் கூடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்டதாக இருந்தால், அது உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர் தடித்த தகட்டுக்குச் சமம். இதனால் வடிவமைப்பாளர்கள் வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் மெல்லியதாக்கி, மறைவான இடங்களில் தடிமனை விட்டுவைக்கின்றனர். மாதிரி உண்மைபோலத் தோன்ற, சில இடங்களில் அளவிலிருந்து விலகியே ஆக வேண்டும்.

அச்சு இயங்கும் முறை

நெகிழித் தொகுப்பின் அச்சு இரண்டு பாதிகளாகச் செய்யப்படுகிறது. பாதிகள் இறுக்கமாகச் சேர்ந்தபின் உருகிய பாலிஸ்டைரீன் மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே செலுத்தப்படுகிறது. அது குளிர்ந்து இறுகியதும் அச்சு திறந்து, பாகங்கள் ஒரு சட்டத்தோடு இணைந்தபடி வெளியே வருகின்றன. உருகிய நெகிழி ஓடிய வழியே அந்தச் சட்டமாகிறது.

தட்டையான பாகங்களுக்கு இம்முறை எளிது. காரின் மேற்கூட்டுக்கு இது போதாது. கூரையின் வளைவு மேல்நோக்கியும், கதவுக் கோடுகள் பக்கவாட்டிலும், விளக்குக் குழிகள் முன்னும் பின்னும் அமைந்திருப்பதால், இரண்டே பாதிகள் கொண்ட அச்சிலிருந்து கூட்டை உரித்தெடுக்க முடியாது. பக்கங்களுக்குத் தனித்தனியே நகரும் துண்டுகள் கொண்ட அச்சு தேவைப்படுகிறது. அத்துண்டுகள் சிறிதும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதால் அச்சின் விலை பல மடங்கு உயர்கிறது. 1950-களில் வந்த பல தொகுப்புகளில் கூரை, பக்கங்கள், முன்மூடி ஆகியவை தனித்தனித் துண்டுகளாகவே தரப்பட்டன. அவற்றைக் கோணாமல் ஒட்டுவது சிறுவர்களுக்கு எட்டாத வேலையாக இருந்தது.

அச்சு வெட்டும் செலவே தொகுப்பின் முதன்மைச் செலவு. பெட்டிக்குள் இருக்கும் நெகிழியின் விலை அதனோடு ஒப்பிடச் சிறியது. எனவே ஓர் அச்சிலிருந்து எத்தனை பெட்டிகள் விற்கும் என்ற கணக்கே, எந்தக் கார் மாதிரியாக வரும் என்பதை இன்றுவரை முடிவு செய்கிறது.

விளம்பரப் பொருளாகத் தொடங்கியது

நெகிழியாலான முதல் மாதிரித் தொகுப்புகள் பிரிட்டனில் 1936 ஆம் ஆண்டில் ஃபிராக் நிறுவனத்திடமிருந்து வந்தன. அவை 1/72 விகித விமானங்கள். பறக்காத மாதிரிகள் என்பதால் பறக்காத பறவையான பெங்குவினின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. அப்போது பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் நாளடைவில் வளைந்து உருக்குலையும் தன்மை கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதே இத்துறையின் வளர்ச்சிக்கு வழி திறந்தது.

நிக்கோலஸ் கோவ் 1939 ஆம் ஆண்டில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1949 ஆம் ஆண்டில் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு மாதிரியைச் செய்தது. டிராக்டர் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்காக ஃபெர்குசன் நிறுவனம் கேட்டுச் செய்த பொருள் அது. கையால் பொருத்தி முடிக்கும் கூலி மிகுந்ததால், அதே பாகங்களைப் பிரித்தபடியே பெட்டியில் போட்டு உல்வொர்த் கடைகளில் விற்றனர். பொருத்தும் வேலை வாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் பொழுதுபோக்கின் இன்பமாகக் கருதப்பட்ட உழைப்பு, இங்கே செலவைக் குறைக்கும் வழியாகத்தான் நுழைந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரெவெல் நிறுவனம், 1950-களின் தொடக்கத்தில் பழங்காலக் கார்களின் 1/32 விகிதத் தொகுப்பு வரிசையை வெளியிட்டது. லூயிஸ் கிளேசர் நடத்திய இந்நிறுவனத்துக்கு அவ்வரிசையை வடிவமைத்துத் தந்தவர்கள் கவ்லாண்டு குடும்பத்தினர். சாலைகளிலிருந்து மறைந்துபோன கார்களே அவற்றில் இடம்பெற்றன.

டெட்ராய்ட்டும் ஆண்டுத் தொகுப்புகளும்

கார் மாதிரித் தொகுப்பு தனக்கென ஒரு வடிவம் பெற்ற நகரம், அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், புதிய கார் வெளிவரும்போது அதன் சிறு மாதிரியை விற்பனைக் கூடங்களில் வைக்கும் வழக்கம் அங்கே பரவியது. உண்மைக் காருக்குப் பூசும் நிறங்களிலேயே அவை பூசப்பட்டன. கார் பார்க்க வரும் பெற்றோருடன் வந்த சிறுவர்களின் கைகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் 1948 ஆம் ஆண்டில் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம் இவ்வகை விளம்பர மாதிரிகளைச் செய்துவந்தது. தொடக்கத்தில் அலுமினியத்தில் செய்ததால் அலுமினியப் பொம்மை என்ற பொருள்பட நிறுவனத்துக்குப் பெயர் அமைந்தது. விரைவிலேயே அது நெகிழிக்கு மாறியது. கார் நிறுவனங்கள் புதிய வண்டியின் வரைபடங்களை முன்கூட்டியே மாதிரி செய்பவர்களிடம் தந்தன. கார் வெளியாகும் நாளில் மாதிரியும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதால், சந்தைக்கு வராத காரின் உருவத்தைக் கமுக்கமாக வைத்திருக்கும் பொறுப்பும் அவர்களைச் சேர்ந்தது.

1958 ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. இந்த விளம்பர மாதிரிகளின் அச்சுகளைக் கொண்டே 1/25 விகிதத் தொகுப்புகளை வெளியிட்டது. ஃபோர்டு, ஷெவ்ரலே, பொண்டியாக் முதலிய அவ்வாண்டுக் கார்கள் அவற்றில் இடம்பெற்றன. இத்தொகுப்புகள் இரண்டு வகைகளில் புதுமையானவை. முதலாவது, விளம்பர மாதிரியிலிருந்து வந்ததால் மேற்கூடு ஒரே துண்டாக இருந்தது. ஒட்டுவதில் மிகக் கடினமான வேலை இதனால் நீங்கியது. இரண்டாவது, ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டலாம்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அலங்காரமாக மாற்றியமைத்தபடி, அல்லது பந்தயக் காராக. மூன்றுக்கும் வேண்டிய கூடுதல் பாகங்கள் பெட்டியிலேயே இருந்தன. தெருவில் ஓடும் அதே காரைத் தன் விருப்பப்படி மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு, ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டாத சிறுவனுக்கும் கிடைத்தது.

ஜோஹான் நிறுவனமும், ஏ.எம்.டி.-யிலிருந்து பிரிந்த ஜார்ஜ் டோடெஃப் 1960-களில் தொடங்கிய எம்.பி.சி. நிறுவனமும் இதே வழியில் போட்டியில் இறங்கின. சிகாகோவில் 1945 ஆம் ஆண்டில் மரத் தொகுப்புகளோடு தொடங்கிய மோனோகிராம் நிறுவனமும் நெகிழிக் கார்களுக்கு வந்தது.

திருத்தப்பட்ட அச்சுகள்

ஆண்டுதோறும் புதிய தொகுப்பு என்ற முறையிலேயே ஓர் இழப்பு அடங்கியிருந்தது. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் அக்காலத்தில் ஒரே அடிப்படை வண்டியின் முன்முகப்பு, பின்விளக்கு, பக்கவாட்டு அலங்காரப் பட்டை ஆகியவற்றை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிப் புதிய காராக விற்றன. மாதிரி நிறுவனங்களும் அதையே பின்பற்றின. சென்ற ஆண்டின் அச்சை எடுத்து, வேண்டிய இடத்தில் எஃகைச் சேர்த்து அல்லது செதுக்கி, இவ்வாண்டின் காருக்கு ஏற்பத் திருத்தின. புதிய அச்சு வெட்டுவதைவிட இது மிகவும் மலிவு.

அச்சு திருத்தப்பட்ட அன்றே சென்ற ஆண்டின் தொகுப்பு முடிந்துபோனது. அதை மீண்டும் வார்க்க வழியில்லை. பழைய காரை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள் என்று அன்றைய விற்பனையாளர்கள் கருதினர். வரிசையின் கடைசி ஆண்டு அச்சுகளுக்கும் பாதுகாப்பில்லை. அவற்றில் பல, 1970-களில் வட்டப் பாதைப் பந்தயக் கார்களாகக் காட்டுவதற்காகச் சக்கர வளைவுகள் வெட்டப்பட்டு உருமாற்றப்பட்டன.

இதற்கு மாறாக, 1932 ஆம் ஆண்டு ஃபோர்டு போன்ற பழைய கார்களுக்காக 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் வெட்டப்பட்ட அச்சுகள் பெரும்பாலும் திருத்தப்படாமல் நின்றன. அந்தக் கார்கள் ஏற்கெனவே பழையவை. ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. அவ்வகை அச்சுகளிலிருந்து பல பதின்ம ஆண்டுகள் மறுவெளியீடுகள் வந்துள்ளன. வெளியான காலத்தில் மிகப் புதியதாக இருந்த கார்களே தொகுப்பு வடிவில் மிக அரிதாகிப்போயின.

மாதிரியிலிருந்து பிறந்த கார்கள்

1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தொகுப்புகள் உண்மைக் கார்களைப் பின்தொடர்வதோடு நிற்கவில்லை. அலங்காரக் கார்களை உருவாக்கிய எட் ராத்தின் வினோத வண்டிகளை ரெவெல் தொகுப்புகளாக வெளியிட்டது. மோனோகிராம் 1968 ஆம் ஆண்டில் வெளியிட்ட "ரெட் பேரன்" என்ற தொகுப்பு, வடிவமைப்பாளர் டாம் டேனியலின் கற்பனை. முதல் உலகப் போர்க் கால ஜெர்மன் தலைக்கவசமே அதன் கூரை. தொகுப்பு பெற்ற வரவேற்பைக் கண்டு, அதைப் பார்த்தே முழு அளவு வண்டி ஒன்று பின்னர் கட்டப்பட்டுக் கண்காட்சிகளில் வலம் வந்தது. மாதிரி முதலிலும் கார் பிறகும் வந்த அரிய நிகழ்வு இது.

ஷிசுவோகாவின் எழுச்சி

ஜப்பானின் ஷிசுவோகா நகரம் நெடுங்காலமாக மரவேலைக்குப் பெயர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் அந்தத் திறன் மர விமான மாதிரிகளுக்கும் கப்பல் மாதிரிகளுக்கும் திரும்பியது. அவோஷிமா, ஹசேகாவா, ஃபுஜிமி, தமியா ஆகிய நிறுவனங்கள் அனைத்தும் இந்நகர வட்டாரத்தைச் சேர்ந்தவை. 1959 ஆம் ஆண்டு முதல் அங்கே மாதிரிகளுக்கான கண்காட்சி நடந்துவருகிறது.

தமியா நிறுவனத்தை யோஷியோ தமியா 1946 ஆம் ஆண்டில் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கினார். 1951 ஆம் ஆண்டில் நேர்ந்த தீ விபத்தில் மரக் கையிருப்பு அழிந்தது. 1953 ஆம் ஆண்டில் மர வணிகத்தைக் கைவிட்டு, மர மாதிரிகள் செய்வதையே முழுத் தொழிலாக ஏற்றார். 1950-களின் இறுதியில் அமெரிக்க நெகிழித் தொகுப்புகள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தபோது, மர மாதிரிகளின் விற்பனை சரிந்தது.

தமியாவின் முதல் நெகிழித் தொகுப்பு, 1960 ஆம் ஆண்டில் வந்த யமாத்தோ போர்க்கப்பல். அதே கப்பலை நிச்சிமோ என்ற போட்டி நிறுவனம் குறைந்த விலைக்கு விற்றதால் தமியாவும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அச்சுக்குச் செலவிட்ட பணம் திரும்பவில்லை. நிறுவனம் கடனில் விழுந்தது. அந்த நெருக்கடியில் கைகொடுத்தது ஒரு சிறிய பந்தயக் கார் வரிசை. பொம்மைக்காக வெட்டப்பட்டுப் பயன்படாமல் கிடந்த அச்சுகளைப் பெற்று, "பேபி ரேசர்" என்ற பெயரில் மலிவுத் தொகுப்புகளாக விற்றனர். தொடர்ந்து வெளியான, மோட்டாரால் ஓடும் பாந்தர் டாங்கி பெரும் வெற்றி பெற்றது. மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்குவதற்கு ஏற்ற அளவாக அதற்குத் தேர்ந்த 1/35 விகிதமே பின்னர் உலகெங்கும் போர்வண்டி மாதிரிகளின் பொது விகிதமாயிற்று.

இந்த அனுபவம் நிறுவனரின் மகன் ஷுன்சாகு தமியாவுக்கு அச்சின் அருமையைக் கற்பித்தது. அச்சு வெட்டும் வேலை அப்போது வெளிப் பட்டறைகளின் கையில் இருந்தது. விலையையும் காலக்கெடுவையும் பட்டறைகளே முடிவு செய்தன. தமியா தன் ஊழியர்களைப் பட்டறைகளுக்கு அனுப்பித் தொழில் பழகச் செய்து, சொந்த அச்சுப் பிரிவை அமைத்தது. பாகங்கள் துல்லியமாகப் பொருந்துவதில் அந்நிறுவனம் பிற்காலத்தில் பெற்ற பெயருக்கு இதுவே அடித்தளம்.

ஹோண்டாவும் போர்ஷேயும்

1967 ஆம் ஆண்டில் தமியா, ஹோண்டாவின் ஃபார்முலா 1 பந்தயக் காரான ஆர்ஏ273-ஐ 1/12 விகிதத்தில் தொகுப்பாக வெளியிட்டது. பந்தயக் காரின் எந்திரமும் குழாய்களும் சக்கரத் தாங்கிகளும் வெளியே தெரிபவை. மேற்கூட்டின் அழகைக் கொண்டு உட்புறத்தை மறைக்க முடியாது. ஹோண்டாவின் ஒத்துழைப்போடு உருவான இத்தொகுப்பு, இயந்திரத்தின் அமைப்பையே காட்சிப்பொருளாக்கியது. டெட்ராய்ட் தொகுப்பில் காரின் வெளித்தோற்றம் முதன்மை பெற்றது. ஷிசுவோகாவின் தொகுப்பில் கட்டுபவர், கார் எப்படி அமைக்கப்பட்டது என்பதைப் படிப்படியாக அறிந்தார்.

அடுத்த பத்தாண்டுகளில் பல ஃபார்முலா 1 கார்கள் இவ்வரிசையில் சேர்ந்தன. 1976 ஆம் ஆண்டில் பந்தயத்துக்கு வந்து, அவ்வாண்டு சுவீடன் பந்தயத்தில் முதலிரண்டு இடங்களைப் பிடித்த ஆறு சக்கர டிரெல் பி34 காரும் அவற்றுள் ஒன்று. பந்தயக் கார்கள் ஒரே பருவத்துக்குள் பலமுறை மாற்றப்படுபவை. எனவே எந்தப் பந்தயத்தில் ஓடிய வடிவம் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்வது மாதிரியின் பெயரோடு சேர்ந்தே வரத் தொடங்கியது.

துல்லியத்துக்காக ஒரு நிறுவனம் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, 1976 ஆம் ஆண்டில் வெளியான 1/12 போர்ஷே 934. அதற்காக ஷுன்சாகு தமியா ஜெர்மனியில் உள்ள போர்ஷே நிறுவனத்துக்குப் பலமுறை சென்று படங்களும் விவரங்களும் திரட்டினார். அதன் பிறகும் ஐயங்கள் தீரவில்லை. இறுதியில் போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து ஆராய்ந்தனர்.

இத்தனை செலவில் உருவான அச்சு, காட்சி மாதிரியின் விற்பனையால் மட்டும் ஈடுகட்டப்படக்கூடியதல்ல. அதனால் அதே காரின் மேற்கூட்டைக் கொண்டு, வானொலி அலையால் இயக்கப்படும் கார் ஒன்றை அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்டனர். அதுவே தமியாவின் முதல் வானொலிக் கட்டுப்பாட்டுக் கார். அது பெற்ற வெற்றி, அந்நிறுவனத்தின் வணிகத்தில் ஒரு புதிய பெருங்கிளையைத் தொடங்கிவைத்தது.

உலோகமும் பிசினும்

இத்தாலியின் டூரின் நகரில் அர்னால்டோ போச்சர் தொடங்கிய நிறுவனம் வேறொரு எல்லையைத் தொட்டது. பொம்மை ரயில் சார்ந்த பொருள்களோடு தொடங்கிய அது, 1966 ஆம் ஆண்டில் 1907 ஆம் ஆண்டின் ஃபியட் பந்தயக் காரை 1/8 விகிதத்தில் வெளியிட்டது. பின்னர் ஆல்ஃபா ரோமியோ, ரோல்ஸ் ராய்ஸ் முதலியவை வந்தன. நெகிழியோடு பித்தளை, எஃகு, தோல் ஆகியவையும் அவற்றில் கலந்திருந்தன. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சிறு திருகுகளால் இறுக்க வேண்டும். ஒரு ரோல்ஸ் ராய்ஸ் தொகுப்பைக் கட்டி முடிக்கப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

எஃகு அச்சுக்கான செலவு ஈடாகாத அளவு குறைவாக விற்கக்கூடிய கார்களைச் சிறு பட்டறைகள் எடுத்துக்கொண்டன. சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, அதில் பிசினை ஊற்றி வார்ப்பது அவற்றின் முறை. இத்தகைய அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே கிழிந்துவிடும். ஆனால் செய்வது மலிவு. வெள்ளை உலோக வார்ப்புகளும், அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடுகளும் இதே வழியில் பரவின. நெகிழியில் தடித்துத் தெரியும் காற்றுச் சல்லடை, இருக்கைப் பட்டைக் கொக்கி போன்றவற்றை இத்தகடுகள் சரியான மெல்லிய அளவில் தந்தன.

கட்டும் முறை

நுணுக்கமான தொகுப்பைக் கட்டும் வரிசை பெரும்பாலும் உண்மைத் தொழிற்சாலையின் வரிசையையே ஒத்தது. முதலில் எந்திரம், அடுத்து அடிச்சட்டமும் சக்கரத் தாங்கிகளும், பிறகு உள்ளறை, இறுதியில் மேற்கூடு. மேற்கூட்டின் வண்ணம் உலர நாள்கள் ஆவதால், பலர் அதை முதல் நாளே தொடங்கி மற்ற வேலைகளை இடையில் முடிக்கின்றனர்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டிய தழும்பும், அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் மெல்லிய கோடும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கப்படுகின்றன. கூட்டுக்குப் பிரைமர் பூசி, மெல்லிய பூச்சுகளாக நிறம் ஏற்றி, மேலே பளபளப்புப் பூச்சு இடுகின்றனர். ஒரே முறையில் தடித்துப் பூசினால் கதவுக் கோடுகள் நிரம்பி மறைந்துவிடும். பாலிஸ்டைரீனுக்கான பசை, இரு பாகங்களின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. எனவே வண்ணம் பூசிய இடத்தில் அது பிடிக்காது. ஒட்டும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டியெடுக்க வேண்டும். பந்தய எண்களும் விளம்பரப் பெயர்களும் நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களாக வருகின்றன.

முடிந்த மாதிரியும் மூப்படைகிறது. பழைய தொகுப்புகளின் வினைல் சக்கரங்களை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் மெல்லக் கசிந்து, அவற்றைத் தாங்கும் பாலிஸ்டைரீன் வட்டுகளை உருக்குவதுண்டு. நீரொட்டுப் படங்கள் மஞ்சளடைகின்றன. வெள்ளிப் பூச்சு மங்குகிறது.

அச்சுகளின் பயணம்

1970-களின் எண்ணெய் நெருக்கடி நெகிழியின் விலையை உயர்த்தியது. அடுத்த பத்தாண்டில் சிறுவர்களின் ஓய்வு நேரத்தைத் திரை விளையாட்டுகள் பிடித்துக்கொண்டன. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. ஏ.எம்.டி. 1978 ஆம் ஆண்டில் பிரிட்டனின் லெஸ்னி நிறுவனத்துக்கும், 1980-களில் எர்டில் நிறுவனத்துக்கும் போனது. எம்.பி.சி.-யும் அதே எர்டிலிடம் சேர்ந்ததால், ஒருகாலத்தில் போட்டியிட்ட இரு நிறுவனங்களின் அச்சுகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. ரெவெலும் மோனோகிராமும் 1986 ஆம் ஆண்டில் இணைந்தன.

ஏர்ஃபிக்ஸ் 1981 ஆம் ஆண்டில் திவாலானபோது பாலிட்டாய் நிறுவனம் அதை வாங்கியது. அச்சுகள் பிரான்சின் கலே நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. பின்னர் ஹம்ப்ரால் குழுமத்தின் கைக்கு வந்த அந்நிறுவனம், 2006 ஆம் ஆண்டில் மீண்டும் முறிந்து ஹார்ன்பியிடம் சேர்ந்தது. ரெவெலின் உரிமையாளரான ஹாபிகோ 2018 ஆம் ஆண்டில் திவாலாக, ஜெர்மன் முதலீட்டு நிறுவனம் ஒன்று ரெவெலை வாங்கியது.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாங்கியவர் உண்மையில் வாங்கியது, பெயரோடு சேர்ந்து கிடங்கில் அடுக்கியிருந்த எஃகுக் கட்டைகளையே. சில அச்சுகள் துருப்பிடித்தன. சிலவற்றின் துண்டுகள் தொலைந்தன. நல்ல நிலையில் இருந்தவை புதிய பெட்டிப் படத்தோடு திரும்ப வந்தன.

உரிமக் கட்டணமும் விளம்பரப் பெயர்களும்

1950-களில் கார் நிறுவனங்கள் மாதிரியைத் தங்களுக்கான விளம்பரமாகக் கருதின. பின்னாளில் காரின் பெயர், சின்னம், உருவம் ஆகியவை வணிகச் சொத்துகளாகக் கருதப்பட்டு, அவற்றைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் கேட்கப்பட்டது. ஒருகாலத்தில் கார் நிறுவனமே கேட்டுச் செய்வித்த பொருளுக்கு, இப்போது மாதிரி நிறுவனம் பணம் கட்டுகிறது.

பந்தயக் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1970-களிலும் 1980-களிலும் ஓடிய பல கார்கள் சிகரெட் நிறுவனங்களின் நிறத்தையும் பெயரையும் தாங்கியவை. புகையிலை விளம்பரத் தடைகள் வந்தபின், அதே அச்சுகளிலிருந்து வெளிவந்த பல மறுவெளியீடுகளில் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. வடிவத்தில் துல்லியமான கார், தோற்றத்தில் முழுமை இழந்தது. விடுபட்ட பெயர்களைத் தனியே அச்சிட்டு விற்கும் சிறு நிறுவனங்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

கணினிக் காலம்

இன்றைய புதிய தொகுப்புகள் முப்பரிமாண வருடியால் அளக்கப்பட்ட உண்மைக் காரிலிருந்தோ, கார் நிறுவனம் தரும் கணினி வரைவிலிருந்தோ உருவாகின்றன. அச்சை வெட்டுவதும் கணினி இயக்கும் பொறியே. தேவையில்லாத ஒரு காலத்தில் அச்சு அழிந்தாலும் அதன் கணினி வரைவு எஞ்சும். முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர், எஃகு அச்சே இல்லாமல் ஒரே ஒரு மாதிரியைக்கூட வீட்டில் உருவாக்கலாம்.

டெட்ராய்ட்டில் திருத்தப்பட்டு மறைந்த ஆண்டுத் தொகுப்புகளுக்கும் இதனால் ஒரு வழி பிறந்துள்ளது. ஏ.எம்.டி., எம்.பி.சி. ஆகிய பெயர்களையும் எஞ்சிய அச்சுகளையும் இப்போது வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம், காணாமற்போன சில மேற்கூடுகளுக்குப் புதிய அச்சு வெட்டி மீண்டும் வெளியிட்டுவருகிறது. இதற்கு அளவெடுக்க வேண்டுமானால் முதல் வெளியீட்டின் பாகங்கள் வேண்டும். கட்டப்பட்ட மாதிரிகளில் வண்ணம் கோடுகளை மூடியிருக்கும். பசை விளிம்புகளைக் கரைத்திருக்கும். சிறுவர்களின் கைகளில் பல உடைந்தும் போயின. அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ வாங்கி, ஏதோ காரணத்தால் திறக்காமலோ கட்டாமலோ விட்டுவைத்த பெட்டியே அந்த உருவத்தின் நம்பகமான சான்றாக எஞ்சியுள்ளது. கட்டுவதற்கென்றே விற்கப்பட்ட இப்பொருளின் தொடக்கக் கால வரலாறு, கட்டப்படாமல் போன பெட்டிகளிலிருந்தே இன்று மீட்கப்படுகிறது.